பேட்டரிக்குக் கிடைத்த மரியாதை ஃபில்டருக்கும் வேண்டும்

போடியிலிருந்தும் ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் பக்கமிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டும் அண்ணன் தம்பிகளுக்கும், அந்த ஜீப்புகளைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகளுக்கும், பஞ்சர் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் ஓடையிலோ, கண்மாய்க் கரையிலோ, போடிமெட்டு மலைச்சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றிலோ, யாரோ தூக்கி எறிந்துவிட்டுப் போன வண்டி பேட்டரியை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. மொட்டை டயர் கிடக்கும். ஆயில் டப்பா கிடக்கும். கறுப்பாகக் கசியும் ஆயில் ஃபில்டர், தூசியடைத்த ஏர் ஃபில்டர், வெடித்த கூலன்ட் கேன் எல்லாம் கிடக்கும். பேட்டரி மட்டும் கிடக்காது. யாராவது மறந்து வைத்துவிட்டுப் போனாலும் பொழுது விடிவதற்குள் அது இடம் மாறியிருக்கும்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் ஈயம் இருக்கிறது. புதுசு வாங்கப் போகும்போது பழசைக் கொண்டுபோனால் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்கிறார். விற்கிறவர் பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கியாக வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி போட்டது. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் இன்னும் கனமாக ஏற்றின. ஆனால் விதியைப் படித்துவிட்டா நாம் பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தோம்? கைக்குக் காசு வருகிறது, கொடுக்கிறோம்.

அதே ஏற்பாட்டை மற்றப் பாகங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்த மடல். ஒருமுறை பூட்டிவிட்டுத் தூக்கி எறிகிற பாகத்தின் மேல் ஒரு சிறு சுற்றுச்சூழல் கட்டணம் போட வேண்டும். பழசைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வர வேண்டும். கழுவி, ஒட்டி, சுற்றி மறுபடி பயன்படுத்துகிற பாகத்துக்கு அந்தக் கட்டணமே கூடாது. ஜீப்காரர்களைப் பார்த்து 'கட்டணம் கேளுங்கள்' என்று சொல்கிறவன் ஸ்டாண்டு பக்கம் வர முடியாது என்பது எனக்கும் தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டீசல், இன்சூரன்ஸ், எஃப்.சி., பெர்மிட் என்று ஏற்கெனவே வரிசை நீளம். வண்டிக்கு வயதாகிவிட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பசுமை வரி வேறு. பசுமை வரி மேல் எனக்கும் கோபம் உண்டு. அது வண்டியின் வயதைப் பார்க்கிறது, வண்டி போட்ட குப்பையைப் பார்ப்பதில்லை. ஒரே ஜீப்பை இருபது வருடம் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிறவர் கட்டுகிறார். ஒவ்வொரு சர்வீஸிலும் நாலைந்து பாகத்தைக் கழற்றி எறிகிறவருக்கு, வண்டி புதுசு என்பதால் அந்த வரி கிடையாது. (புகை வேறு விஷயம். அதற்குத்தான் புகைச் சோதனை இருக்கிறது.)

நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இப்படியொரு கட்டணத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். 2022 ஜூலையில் டயர்களுக்கு ஒரு விதி வந்தது. டயர் கம்பெனி தான் தயாரித்ததற்கு ஈடாக இத்தனை டன் பழைய டயர் முறையாக மறுசுழற்சி செய்யப்பட்டது என்று சான்றிதழ் காட்ட வேண்டும். முதல் ஆண்டில் 35 சதவீதம், அடுத்த ஆண்டு 70, 2024-25 முதல் முழு நூறு. கம்பெனி அந்தச் சான்றிதழை மறுசுழற்சி ஆலைகளிடம் காசு கொடுத்து வாங்குகிறது. பழைய ஆயிலுக்கு இதே மாதிரி விதி 2023 செப்டம்பரில் வந்து, 2024 ஏப்ரல் 1 முதல் 5 சதவீதத்தில் தொடங்கியிருக்கிறது. ஆயுள் முடிந்த வண்டிகளுக்கான விதிகள் 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கின்றன. அதில் டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் பவர் டில்லருக்கும் விலக்கு உண்டு என்பதால் ராசிங்காபுரத்து விவசாயிகள் யாரும் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. இந்தச் செலவையெல்லாம் எந்தக் கம்பெனியும் தன் லாபத்திலிருந்து எடுத்து வைக்கப் போவதில்லை. அது விலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பில்லில் தனி வரியாக வராததால் நமக்குத் தெரிவதில்லை. தெரியாத காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

இந்த டயர் விதியில் என்னை உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. பழைய டயரை அரைத்துத் தூளாக்குகிறவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் வடிக்கிற ஆலைக்கும் சான்றிதழ் உண்டு. அதே டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டி மறுபடி சாலையில் ஓடவிடுகிற ரீட்ரேடிங்காரருக்குக் கிடைப்பது, கம்பெனியின் கடமை ஒரு வருடம் தள்ளிப்போகிறது என்ற அவகாசம் மட்டும்தான். காப்பாற்றுகிறவனைவிட உடைக்கிறவனுக்குக் கூலி அதிகம். இந்த விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் ரீட்ரேடிங் கடை வாசலில் ஒரு நாளாவது நின்றிருப்பார்களா என்று சந்தேகமாக இருக்கிறது.

வரியிலும் இதே கதைதான். 2019 ஜனவரி 1 முதல் ரீட்ரேடு டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது டயருக்கு 28 அப்படியே நின்றது. யாரும் சுற்றுச்சூழல் கட்டணம் என்று பெயர் வைக்கவில்லை. ஆனாலும் அடக்கம் 5,000 ரூபாய் உள்ள புது டயருக்கு வரியிலேயே 500 ரூபாய் பாரம் கூடுதலாக இருந்தது. ரப்பர் ஒட்டுகிறவருக்கு அது ஒரு கைத்தாங்கல். 2025 செப்டம்பர் 22-ல் புது டயருக்கும் 18 ஆனது. டயர் விலை குறைந்ததில் உங்களைப் போல எனக்கும் சந்தோஷம்தான்; டிராக்டர் டயருக்கு 5 ஆனதில் இன்னும் கூடுதல் சந்தோஷம். ஆனால் புதுசுக்கும் பழசைப் புதுப்பிப்பதற்கும் இருந்த அந்தப் பத்து சதவீத இடைவெளி ஒரே இரவில் காணாமல் போனதை ஒருவரும் பேசவில்லை. புது டயரின் வரியைத் திரும்ப ஏற்றச் சொல்லவில்லை. ரீட்ரேடிங்கின் வரியையும் 5-க்கு இறக்குங்கள் என்று கேட்கலாமே. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் தமிழ்நாட்டுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது.

ரப்பர் ஒட்டுவது நமக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை. மதுரையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது வண்டிகளை ஓட்ட எரிவாயுக் கருவி செய்தார். டயர் ரீட்ரேடிங் ஆலையும் தொடங்கினார். இன்றைக்கும் நம் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் பஸ் டயரை ரப்பர் ஒட்டித்தான் ஓட்டுகின்றன. மதுரையிலிருந்து போடி வருகிற அரசு பஸ்ஸில் பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து நாம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

இனி மெக்கானிக்குகளிடம் கொஞ்சம் பேச வேண்டும். கழுவிப் பூட்டுவதிலிருந்து கழற்றி எறிவதற்கு எப்போது மாறினோம் என்று உங்களைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. பழைய மகேந்திரா ஜீப்பில் ஏர் ஃபில்டர் என்பது ஒரு தகரச் சட்டி. கிளிப்பைத் தட்டிக் கழற்றினால் அடியில் எண்ணெய், மேலே கம்பி வலை. மலைச்சாலை மண் எல்லாம் அந்த எண்ணெயில் சேறாகப் படிந்திருக்கும். சேற்றை வழித்துப்போட்டு, வலையை டீசலில் அலசி உதறி, குறித்த கோடு வரை புது ஆயில் ஊற்றி மூடினால் வேலை முடிந்தது. வண்டி இருக்கும் வரை அந்தச் சட்டியும் இருக்கும். பல டிராக்டர்களில் இன்றும் அதுதான். ஆயில் ஃபில்டரிலும் பழைய டிராக்டர்களில் இரும்புக் கிண்ணம் இன்ஜினோடு நிற்கும். உள்ளே இருக்கிற காகித எலிமெண்டை மட்டும் மாற்றுவோம். இப்போது கிண்ணத்தையும் சேர்த்துத் திருகிக் கழற்றி எறிகிறோம். பிரேக் ஷூவில் தேய்ந்த லைனரைத் தட்டி எடுத்துவிட்டுப் புது லைனர் வைத்து ரிவெட் அடிப்பார்கள். இப்போது ஷூவோடு மாற்று என்கிறது சர்வீஸ் சென்டர். பித்தளை ரேடியேட்டர் ஒழுகினால் ஈயம் வைத்து அடைத்தோம். அலுமினியத்தில் பிளாஸ்டிக் தொட்டி வைத்த ரேடியேட்டர் வெடித்தால் அடைக்க எதுவும் இல்லை, புதுசுதான். செல்ஃப் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பழசெல்லாம் தங்கம் என்று நான் பாடவில்லை. எண்ணெய்ச் சட்டி ஃபில்டரைவிடக் காகித ஃபில்டர் பொடித் தூசியை நன்றாகத் தடுக்கும், புது இன்ஜின்களுக்கு அது தேவை. அலசிய டீசலை வாசல் சாக்கடையில் ஊற்றினால், தூக்கி எறிகிற ஃபில்டரே மேல் என்றாகிவிடும். பழைய லைனரில் கல்நார் கலந்திருக்கும். அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றில் ஊதுகிற தம்பிகள் தயவுசெய்து நிறுத்துங்கள், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். மறுபயன்பாடு என்றாலே சுத்தம் என்று அர்த்தமில்லை. அதனால்தான் காசு வருகிற வழியையும் சேர்த்தே கேட்கிறேன்.

ஆயில் ஃபில்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றின உடனே குப்பையில் போட்டால் உள்ளே தேங்கின ஆயில் அப்படியே மண்ணுக்குப் போகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எளிய வழி ஒன்று சொல்கிறது: இன்ஜின் சூட்டோடு கழற்றி, தலைப்பக்கம் ஒரு துளை போட்டு, 12 மணி நேரம் வடியவிட வேண்டும். சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் அது வெறும் இரும்பு. வடிந்ததை ட்ரம்மில் சேர்க்கலாம். பழைய ஆயிலைச் சுத்திகரித்து மறுபடி ஆயிலாகவே ஆக்க முடியும். சென்ட்ரிங் தகட்டில் தடவுவதும், கரையானுக்கு மரத்தில் பூசுவதும் அதைக் கொல்லைப்புறமாக மண்ணுக்கு அனுப்புகிற வழிதான். ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கும் என்பதும் அந்த முகமை சொல்கிற கணக்குதான். ஓடையில் இறங்குவது கொட்டகுடி ஆற்றுக்குப் போகிறதோ, நம் கிணற்று ஊற்றுக்குப் போகிறதோ, போகிற இடம் நாம் குடிக்கிற இடம்.

ஆனால் ஒரு துளை போட்டு இரவு முழுக்கக் கவிழ்த்து வைக்க எந்த ஒர்க்‌ஷாப்பில் இடம் இருக்கிறது? யாருக்கு நேரம் இருக்கிறது? விடியற்காலையில் ஆட்களை ஏற்ற வேண்டிய ஜீப் ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்கும். 'சீக்கிரம் விடுங்கண்ணே' என்பதுதான் பேச்சு. கூலி இல்லாத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள், செய்யச் சொல்வதும் நியாயமில்லை.

டாஸ்மாக் பாட்டில் விஷயம் உங்களுக்கு நினைவிருக்கும். காட்டில் உடைந்து கிடக்கிற பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்தும் திரும்பும். பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. குடித்துவிட்டு நிதானம் இல்லாதவன்கூடப் பத்து ரூபாய்க்குப் பாட்டிலைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுக்கிறான். நிதானமாக மலையேறி இறங்குகிற நம்மால் முடியாதா? அதே திட்டத்தில் பாடம் இன்னொன்றும் இருக்கிறது. காலி பாட்டிலை வாங்கி அடுக்க இடமில்லை, ஆளில்லை, வேலைச்சுமை கூடிவிட்டது என்று கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்ததில் தப்பே இல்லை. திரும்ப வாங்குகிற கைக்கும் கூலி ஒதுக்காத திட்டம் கவுன்டரிலேயே சிக்கிக்கொள்ளும்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலம் இதை 1997-லிருந்து ஆயிலுக்கும் ஆயில் ஃபில்டருக்கும் ஆயில் டப்பாவுக்கும் செய்கிறது. விற்கும்போதே ஒரு சிறு கையாளும் கட்டணம். அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போவதில்லை, தனி அமைப்பு ஒன்று வைத்துக்கொண்டு, பழசைச் சேகரித்துக் கொண்டுபோகிறவர்களுக்குக் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த அம்சம், ஊர் எவ்வளவு தொலைவோ அதற்கேற்ப அந்தத் தொகை கூடும். நகரத்துக்குப் பக்கத்தில் ஒன்று, தொலைதூர மலையூருக்கு வேறு ஒன்று. மதுரையில் ஃபில்டர் சேர்க்கிறவருக்கும் குரங்கணியில் சேர்க்கிறவருக்கும் ஒரே தொகை என்றால் குரங்கணிக்கு யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஜெர்மனியில் பழைய பேட்டரி கொடுக்காமல் புதுசு வாங்கினால் 7.50 யூரோ முன்பணம் பிடித்துக்கொள்கிறார்கள். பழசைக் கொடுத்ததும் திருப்பித் தருகிறார்கள். நாம் பேரம் பேசிச் செய்வதை அவர்கள் சட்டம் போட்டுச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இதற்கு உங்களிடமிருந்து வருகிற நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. மலையில் ஓட்டுகிற வண்டிக்கு ஒட்டுப்போட்ட பாகமா? வண்டி நிறையத் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் யார் பதில் சொல்வது? இதில் நான் உங்கள் பக்கம். ரப்பர் ஒட்டிய டயரை முன் சக்கரத்தில் போட வேண்டாம். பக்கச்சுவர் வெடித்த டயரை எந்தக் கடைக்காரர் ஒட்டித் தருகிறேன் என்றாலும் கொடுக்க வேண்டாம். பிரேக்கில் தரம் தெரியாத மலிவு லைனர் அடிப்பதைவிடக் கம்பெனி ஷூ வாங்குவதே மேல். கட்டணத்தைப் பார்த்துப் பயந்து யாரும் உயிர் காக்கிற பாகத்தில் சிக்கனம் பிடிக்கக் கூடாது என்பதால், பிரேக் பாகங்களுக்கும் முன் டயருக்கும் கட்டணம் முழுவதுமே திரும்பக் கிடைக்கிற முன்பணமாக மட்டும் இருக்க வேண்டும். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டப்பா, கூலன்ட் கேன் மாதிரி ஐட்டங்களில் இந்தப் பயம் இல்லை. அங்கே தொடங்கலாம்.

ஃபில்டருக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது என் கணக்கு, மாற்றிச் சொல்லுங்கள். பில்லில் தனி வரியாக அது தெரிய வேண்டும். பழைய ஃபில்டரைத் திருப்பிக் கொடுத்தால் வண்டிக்காரருக்கு 20 ரூபாய் கையில். வடித்து, ட்ரம்மில் போட்டு, மாதம் ஒருமுறை வண்டியில் ஏற்றி அனுப்புகிற மெக்கானிக்குக்கு 10 ரூபாய். காகித எலிமெண்ட் மட்டும் மாற்றுகிற கிண்ண ஃபில்டருக்குப் பாதிக் கட்டணம். கழுவிப் போடுகிற ஏர் ஃபில்டருக்குக் கட்டணமே இல்லை. இதனால் கம்பெனிகள் கிண்ண வகைக்குத் திரும்புமா என்று கேட்பீர்கள். ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் எலிமெண்டை மட்டும் மாற்றுகிற வகைதான் இப்போது இருக்கிறது. நம் வண்டிகளுக்கும் செய்யத் தெரியாமல் இல்லை, செய்யக் காரணம் இல்லை.

பஞ்சர் கடைக்காரர்களுக்கு இதில் உடனடி லாபம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது உங்கள் கடைக்குப் பின்னால்தான். பழைய டயருக்குள் தேங்கின தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடுகிறது என்று அபராதம் எழுதுகிறார்கள். அந்த டயர்கள் உங்களுடையவையும் இல்லை, வண்டிக்காரர்கள் 'இங்கேயே கிடக்கட்டும்ணே' என்று விட்டுப் போனவை. ஒவ்வொரு டயருக்கும் திரும்பக் கிடைக்கிற காசு ஒன்று இருந்தால் யார் விட்டுப் போவார்கள்?

இதையெல்லாம் டெல்லியில் சட்டம் போட்டால்தான் ஆகும் என்று உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அக்டோபர் 2 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ராசிங்காபுரம் கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஊராட்சி இடத்தில் கூரை போட்ட ஒரு கொட்டகையும், பழைய ஆயிலுக்கும் வடித்த ஃபில்டருக்கும் தனித்தனி ட்ரம்மும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற ஆயில் சேகரிப்பாளர் மாதம் ஒருமுறை போடி ஒன்றியத்துக்கு வர வேண்டும் என்ற கோரிக்கை. தூக்கி எறிகிற பாகங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் கட்டணமும், ரீட்ரேடிங்குக்கும் லைனர் ஒட்டுவதற்கும் வைண்டிங்குக்கும் 5 சதவீத வரியும் வேண்டும் என்று மாநில அரசுக்கு ஒரு மனு. மனுவில் கட்டணப் பணம் எந்தப் பொது நிதியிலும் கலக்கக் கூடாது என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற கட்டணத்தை எதிர்க்க நானே முதல் ஆளாக வந்து உங்களோடு நிற்கிறேன்.

மெக்கானிக் தம்பிகள் அதுவரை ஒரு மாதத்துக்கு எத்தனை ஃபில்டர், எத்தனை லிட்டர் ஆயில் கழற்றுகிறீர்கள் என்று பழைய காலண்டர் பின்புறத்திலாவது குறித்து வையுங்கள். ஜீப்காரர்கள் பாகங்கள் வாங்கின பில்லை வண்டி டேஷ்போர்டிலேயே போட்டு வையுங்கள். கூட்டத்தில் 30 ரூபாய் கூடவா குறைவா என்று சண்டை போடுவதற்கு அந்தக் காகிதங்கள் வேண்டும்.

அன்புடன்,
ஒரு டிராக்டரும் பழைய ஜீப்பும் வைத்திருக்கும் ராசிங்காபுரத்துக்காரன்